பெரிய கம்பனியோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைப் பசுமைத் தொழில்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

படுவான்கரையில் பனையோலைப் பெட்டி இழைக்கும் பன்னிரண்டு பெண்களோடு நான் வேலை செய்கிறேன். எங்கள் பெட்டிகள் கொழும்பில் தேயிலை அன்பளிப்புப் பொதிகளாகப் போகின்றன. பாசிக்குடா ஹோட்டல் அறைகளில் சவர்க்காரமும் துவாயும் வைக்கும் தட்டுகளாகவும் போகின்றன. சம்மாந்துறையில் உமிக்கட்டி (நெல் உமியை அழுத்திச் செய்யும் எரிபொருள்) அடிக்கும் ஒரு தம்பியும் அறுகம்பையில் பிளாஸ்டிக் போத்தல் சேர்க்கும் ஒரு குழுவும் பெரிய கம்பனிகளோடு பேசப் போனபோது கூடவே போய் இருந்திருக்கிறேன்.

எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: ஒழுங்கில். முதலில் புரிந்துணர்வு ஒப்பந்தம், அதோடு ஒரு குழுப்படம். பிறகு சாம்பிள். அதற்குப் பிறகு விலை. கடைசியாகத்தான் ‘இவ்வளவும் எங்களால் செய்ய முடியுமா’ என்ற கேள்வி. இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்தத் தலைகீழ் ஒழுங்கில் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் திரும்பி வர வேண்டியிருக்கும், அதுவும் காசை விட்டுவிட்டு.

1. கம்பனிக்கு உங்களிடம் என்ன தேவை என்று கண்டுபிடியுங்கள்

‘நாங்கள் சூழலைக் காப்பாற்றுகிறோம், நீங்கள் ஆதரவு தாருங்கள்’ என்று போனால் தேநீர் கிடைக்கும், ஓடர் கிடைக்காது. கம்பனிக்குள் யாரோ ஒருவருக்கு ஒரு தலைவலி இருக்கிறது. அது என்ன என்று போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு மூன்று தலைவலிகள் உண்மையானவை. முதலாவது சட்டம். 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் உறிஞ்சி, கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு போன்றவை தடை. ஹோட்டலும் உணவுக் கடையும் மாற்றுப் பொருள் தேடியே ஆக வேண்டும். இரண்டாவது அறிக்கை. எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். (இலங்கை நிதி அறிக்கையிடல் நியமங்கள்) எஸ்1, எஸ்2 என்ற நிலைபேறு அறிக்கை நியமங்கள் 2025 ஜனவரி 1 முதல் கொழும்புப் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தங்கள் ஆலையின் புகையோடு, தாங்கள் வாங்கும் பொருள்களின் பின்னால் இருக்கும் காபன் வெளியேற்றக் கணக்கையும் அவர்கள் பார்க்க வேண்டும். மூன்றாவது வெளிநாட்டு வாடிக்கையாளர். ஆடைத் தொழிற்சாலையையும் தேயிலை ஏற்றுமதியாளரையும் கேள்வி கேட்பவர் ஐரோப்பாவில் இருக்கிறார்.

உங்கள் பொருள் இந்த மூன்றில் எதைத் தீர்க்கிறது? ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் இன்னும் ஒரு கிழமை யோசியுங்கள். அறுகம்பைக் குழு முதலில் எழுதியது, ‘கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம்’. நல்ல காரியம்தான், ஆனால் யாருடைய தலைவலிக்கும் மருந்தில்லை. பிறகு எழுதியது, ‘நிறம் பிரித்து, மூடி கழற்றி, மணல் இல்லாத போத்தலை எடை குறித்துத் தருகிறோம்’. போத்தலை நூலாக்கும் ஆலைக்கு இந்த வரி புரியும்.

2. அடக்க விலையைக் கண்ணைத் திறந்துகொண்டு போடுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் கொடுங்கள். இங்கு வருகிற பிழை ஒவ்வொரு பெட்டியோடும் சேர்ந்து கொழும்புக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு மூடி வைத்த ஆறு அங்குலப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காகத்தான், உங்கள் எண்களை நீங்கள் போடுங்கள். ஓலை 40 ரூபா, சாயம் 15. ஒரு பெட்டிக்கு ஒன்றரை மணித்தியாலம், மணிக்கு 150 ரூபா என்றால் கூலி 225. பொதி 25, லொறி 20, மின்சாரம், போன், வாடகையின் பங்கு 35. மொத்தம் 360.

பெரும்பாலானோர் இங்கே நிறுத்தி, 400 என்று விலை சொல்லிவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். நூறு பெட்டியில் பத்து கழிவு போகும். மூடி இறுகும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், ஓலை வெடிக்கும். அந்தப் பத்துக்கும் கூலி கொடுத்தாயிற்று. ஆகவே 360-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். 400 வருகிறது. அதாவது, லாபம் என்று நினைத்த அந்த 40 ரூபா உண்மையில் கழிவு தின்ற காசு.

இன்னும் முடியவில்லை. கம்பனி உங்களுக்குக் காசு தர மூன்று மாதம் ஆகலாம். ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் 400 ரூபாவை மூன்று மாதம் முடக்கினால் 15 ரூபா செலவு. இப்போது 415. அதன் மேல் 20 சதவீதம் வைத்தால் 498. ஆக, உங்கள் விலை 500 ரூபா.

எங்கள் முதல் ஓடருக்கு நான் 380 சொன்னேன். ஆறு மாதம் எல்லோரும் மாடாய் உழைத்தோம், கணக்குப் பார்த்தபோது கையில் ஒன்றும் இல்லை. குழுவில் மூத்த மாமி ஒருவர் கேட்டார், ‘என்ன மகன், வேலை கூடக் கூடக் காசு குறையுதே?’ பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, தன் சொந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காதது. ஓலையை வாங்கப் போனது, மின்னஞ்சல் எழுதியது, கொழும்புக்கு இரவு ரயிலில் போய் மறுநாள் திரும்பியது எல்லாம் வேலைதான். நீங்கள் இல்லாமல் வேறொருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அதை அந்த 35 ரூபா பங்குக்குள் கொண்டுவாருங்கள். தொகை பெருகும். பெருகட்டும்.

3. எவ்வளவு செய்ய முடியும் என்பதைக் குறைத்துச் சொல்லுங்கள்

பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாளுக்கு இரண்டு பெட்டி, மாதம் இருபது நாள். 480 வருகிறது. இதைக் கம்பனியிடம் சொன்னால் தொலைந்தீர்கள்.

அறுவடை வந்தால் பாதிப் பேர் வயலுக்குப் போவார்கள். கோயில் சடங்கு வரும், நோன்பு வரும், கலியாணம் வரும், பிள்ளைக்குப் பரீட்சை வரும். 480-இல் கழிவு போனால் 432. அதிலும் நல்ல மாதம், கெட்ட மாதம் உண்டு. நாங்கள் இப்போது 300 என்றுதான் சொல்கிறோம். மிச்சத்தைச் சேமிப்பில் வைக்கிறோம்.

இருநூறு கேட்டு இருநூறும் சொன்ன நாளில் வந்தால் அடுத்த ஓடர் வரும். ஐந்நூறு ஒப்புக்கொண்டு நானூற்றைம்பது அனுப்பினால் உங்களைப் பற்றிக் கம்பனிக்குள் பேசப்படுவது அந்த ஐம்பதைப் பற்றித்தான். கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் பசுமையை விட உங்கள் திகதி முக்கியம். இது கசப்பாக இருக்கலாம், ஆனால் இதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எங்களுக்கு வேலை நேராகப் போகத் தொடங்கியது.

உமி, போத்தல் போன்ற மூலப்பொருள்களில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அம்பாறையில் உமிக்குப் பஞ்சமில்லை என்று நினைப்போம். ஆனால் ஆலை ஓடும் மாதத்தில் மலையாகக் குவியும், ஓடாத மாதத்தில் தேட வேண்டும். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் உங்களிடம் எத்தனை தொன் காய்ந்த இருப்பு நிற்கும் என்பதுதான் உங்கள் உண்மையான கொள்ளளவு.

4. பத்திரங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

ஓடர் வந்த பிறகு பத்திரம் தேடி ஓடினால் ஒரு மாதம் போய்விடும். அதற்குள் கம்பனிக்கு ஆர்வம் ஆறிவிடும். ஒரு கோப்பில் இவை இருக்க வேண்டும்:

வியாபாரப் பெயர்ப் பதிவு. பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள். பங்காளிகளோடு பெரிதாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதிவது பிறகு சண்டையைக் குறைக்கும்.

வங்கிக் கணக்கு. பதிந்த பெயரிலேயே இருக்க வேண்டும், ஓர் எழுத்தும் மாறக் கூடாது. தலைவியின் சொந்தச் சேமிப்புக் கணக்கைக் கொடுத்து, கம்பனியின் கணக்குப் பிரிவு பெயர் பொருந்தவில்லை என்று பணத்தை நிறுத்திவைத்ததை இரண்டு குழுக்களில் பார்த்திருக்கிறேன்.

வரி இலக்கம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் எடுக்கலாம். பெறுமதி சேர் வரிக்கு நீங்கள் பதியாதவர் என்றால், பற்றுச்சீட்டில் அந்த வரியைப் போடக் கூடாது. 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். விலை சொல்லும்போதே ‘இந்த வரிக்குப் பதியவில்லை, இதுதான் முழு விலை’ என்று எழுதிவிடுங்கள்.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். கையால் பெட்டி இழைப்பவருக்கு இது தலையிடி இல்லை. ஆனால் உமிக்கட்டி இயந்திரம், பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரம், சாயக் கழிவுநீர் என்று வந்தால், 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டுமா என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலோ பிரதேச சபையிலோ கேளுங்கள். சிறிய வகைகளை உள்ளூராட்சி மன்றமே கையாளும். பசுமைத் தொழில் என்று சொல்லிக்கொண்டு சுற்றாடல் உரிமம் இல்லாமல் கம்பனியின் பரிசோதகர் முன் நிற்பது நல்ல காட்சி இல்லை.

ஆள் பதிவேடு. யார் செய்தார், எத்தனை, எவ்வளவு கொடுத்தீர்கள், அவரது கையொப்பம். ஏற்றுமதியாளர்கள் இதைக் கேட்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை அம்மாவுக்கு உதவியாக இழைத்தாலும் அவர்கள் கேள்வி வேறு மாதிரி வரும். ஆகவே ஆரம்பத்திலேயே ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. பசுமைக்கும் ஒரு கணக்கு வையுங்கள்

‘நூறு வீதம் இயற்கை’ என்ற சொற்றொடரை உங்கள் துண்டுப் பிரசுரத்திலிருந்து இன்றே வெட்டுங்கள். எங்கள் பெட்டியின் சிவப்புச் சாயம் இயற்கையானது இல்லை. அதை ஒளித்து எழுதியிருந்தால் கம்பனி தன் அறிக்கையில் அதே பொய்யை அச்சடித்திருக்கும். மாட்டினால் அவர்களும் சேர்ந்துதான் மாட்டுவார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

எண்ணிச் சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். ஒரு பெட்டி எத்தனை கிராம் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் போகிறது? தராசில் வைத்துப் பாருங்கள். முன்பு பாவித்த பிளாஸ்டிக் டப்பா 38 கிராம் என்றால் 300 பெட்டிக்கு 11.4 கிலோ. இதை மாதாமாதம் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பெரிய எண் இல்லைதான். ஆனால் சரிபார்க்கக்கூடிய எண்.

உமிக்கட்டிக்கு ஈரப்பதம். தெரிந்த எடையை 105 பாகை செல்சியஸில், எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, திரும்ப எடை போட்டு, வித்தியாசத்தைப் பாருங்கள். ஈரமான கட்டி கொதிகலனில் சூடு தராமல் நீரை ஆவியாக்குவதிலேயே தன் சக்தியைத் தின்றுவிடும். சாம்பலையும் சொல்ல வேண்டும். உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. சாம்பல் அள்ளும் வேலை யாருடையது என்று கொதிகலன்காரர் கட்டாயம் கேட்பார். இரசாயனப் பரிசோதனை அறிக்கையே வேண்டும் என்றால் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் கட்டணத்துக்குச் செய்வார்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

6. எந்தக் கதவைத் தட்டுவது

கம்பனிக்கு இரண்டு கதவுகள். ஒன்று நிலைபேறு அல்லது சமூகப் பொறுப்புப் பிரிவு. மற்றது கொள்முதல் பிரிவு. முதல் கதவு சிரித்துக்கொண்டு திறக்கும். காசு இரண்டாவது கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

முதல் கதவு வழியாக உள்ளே போங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டாவது சந்திப்பிலாவது ‘கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர் வர முடியுமா?’ என்று கேளுங்கள். சமூகப் பொறுப்பு நிதியில் வாங்கப்படும் பொருள் ஒருமுறைதான் வாங்கப்படும். நிதியாண்டு முடியும் மார்ச்சோடு அந்தக் கணக்கு மூடப்படும், அடுத்த ஆண்டு அவர்கள் வேறு ஊருக்கு மரம் நடப் போவார்கள். கொள்முதல் பட்டியலில் ஏறிய பொருள் பட்டியலில் இருக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்களுக்குச் சீசன் சித்திரை, வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை. அறைச் சாமான்களை அவர்கள் அதற்கு முன்பே தீர்மானித்துவிடுவார்கள். ஆகவே தை, மாசியில் போங்கள். சீசன் நடுவில் போனால் முகாமையாளருக்கு உங்களைப் பார்க்க நேரமில்லை. தேயிலை அன்பளிப்புப் பொதிகளுக்கு நத்தார் ஓடர் ஆடி, ஆவணியிலேயே முடிவாகிவிடும்.

சந்திப்புக்கு இரண்டு பேராகப் போங்கள். ஒருவருக்குச் சிங்களமோ ஆங்கிலமோ ஓடக்கூடியதாக இருக்கட்டும், மற்றவருக்குப் பொருள் தெரிந்திருக்கட்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். ஒரு தாள் போதும்: பொருள், அளவு, விலை, மாதத்துக்கு எத்தனை, எத்தனை நாளில் வரும். எங்கள் குழுவின் அக்கா ஒருவர் கொழும்பில் ஒரு மேசை மேல் ஓலையைப் போட்டு அங்கேயே ஒரு மூலையை இழைத்துக் காட்டினார். என் இருபது படங்களை விட அந்த மூலைதான் வேலை செய்தது.

ஸ்டார்ட்அப்களுக்கு என்றே சில பெரிய குழுமங்கள் திட்டங்கள் வைத்திருக்கின்றன. ஜோன் கீல்ஸ் எக்ஸ் 2016-இல் தொடங்கியது அப்படி ஒன்று. செயலி, கருவி, புதிய தொழில்நுட்பம் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம். பெட்டியும் பாயும் விற்பவர்களுக்கு அது நேர் வழி இல்லை.

7. சாம்பிளை இலவசமாகக் கொட்டாதீர்கள்

ஒன்றிரண்டு சாம்பிள் இலவசம். மூன்றாவதிலிருந்து காசு. ‘இருபது வகை செய்து அனுப்புங்கள், மேலிடத்துக்குக் காட்டுகிறோம்’ என்றால், அது அவர்கள் கூட்டத்துக்கு அலங்காரம். ஓடர் உறுதியானால் சாம்பிள் காசைக் கழித்துவிடலாம் என்று சொல்லுங்கள். உண்மையாக வாங்க நினைப்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

இழைப்பு முறை பரம்பரையாக வருவது, அதற்கு யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வடிவத்தை 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம். புதியதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆகவே பேஸ்புக்கில் போடுவதற்கு முன் யோசியுங்கள். எல்லாப் பெட்டிக்கும் இது தேவையில்லை. பணம் தரப் போகிற ஒன்றிரண்டுக்குப் போதும்.

சாம்பிள் முடிவானதும் இரண்டு செய்யுங்கள். இரண்டிலும் இரு தரப்பும் கையொப்பம் போட்டு, திகதி எழுதி, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். ஓலை இயற்கைப் பொருள். நிறம் மாறும், ஈரத்துக்கு விரியும். ஆகவே ‘ஆறு அங்குலம், மூன்று மில்லிமீற்றர் கூடிக் குறையலாம், நிறம் இந்த இரண்டுக்கும் இடையில்’ என்று எழுதி, இரண்டு நிறத் துண்டுகளையும் ஒட்டிவையுங்கள். பிறகு ஒரு புது அதிகாரி வந்து ‘நிறம் சரியில்லை’ என்றால், அந்தப் பெட்டியை எடுத்து மேசையில் வைக்கலாம்.

8. காசு வாங்கிக்கொண்டு ஒரு சோதனை ஓட்டம்

பெரிய ஒப்பந்தத்துக்கு முன் சின்னதாக ஒன்று. ஒரு ஹோட்டலின் எல்லா அறைக்கும் வேண்டாம், ஒரு மாடிக்கு. எல்லாத் தேயிலைக்கும் வேண்டாம், ஒரு வகைக்கு. மூன்று மாதம்.

சிலியில் பழைய மீன்வலையை மீள்சுழற்சி செய்யும் புரேயோ என்ற ஸ்டார்ட்அப்போடு பட்டகோனியா உடைக் கம்பனி சேர்ந்தபோது, அந்த மூலப்பொருள் பெரிய அளவில் முதலில் போனது தொப்பியின் முன் விளிம்புக்குள். ஜக்கெட்டுகள் பிறகுதான். பிழை வந்தால் தொப்பி விளிம்போடு போகும். நாங்களும் எங்கள் தொப்பி விளிம்பைத் தேடிக்கொள்ள வேண்டும்.

சோதனை ஓட்டத்தில் மூன்று விடயம் எழுத்தில் இருக்க வேண்டும். எது நடந்தால் ‘வெற்றி’ என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்வது. யார் தீர்மானிப்பது, பெயரோடு. எந்தத் திகதியில் தீர்மானிப்பது. இல்லாவிட்டால் சோதனை ஓட்டம் என்பது நம் ஊர் வீதி வேலை மாதிரி முடிவே இல்லாமல் ஓடும். முற்பணமாக ஓலைக்கும் சாயத்துக்குமான காசையாவது கேளுங்கள்.

9. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

கம்பனி தரும் ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம் இருக்கும். முழுவதும் ஆங்கிலம். ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், அந்தச் செலவு வீண் போகாது. அவரிடம் போகும் முன் நீங்களே இந்த ஐந்தையும் தேடுங்கள்.

அளவு. ‘300 வரை வாங்கலாம்’ என்று இருந்தால் பூச்சியமும் அதற்குள் அடங்கும். ‘மாதம் குறைந்தது இத்தனை’ என்று மாற்றக் கேளுங்கள். மறுத்தால், எட்டுக் கிழமைக்கு முன் எழுத்தில் ஓடர் வர வேண்டும் என்றாவது கேளுங்கள்.

விலைத் திருத்தம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஆண்டு நிலையான விலைக்குக் கையெழுத்திட்டவர்கள் பட்ட பாட்டை இங்கே எல்லோரும் பார்த்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திரும்பப் பேசும் வரி ஒன்று போடுங்கள். டீசல் இவ்வளவு ஏறினால் லொறிக் கூலி தனியாகத் திருத்தப்படும் என்றும் எழுதலாம்.

பிரத்தியேக உரிமை. ‘வேறு யாருக்கும் விற்கக் கூடாது’ என்ற வரியைக் கண்டால் நின்று வாசியுங்கள். எந்தப் பொருள், எந்தத் துறை, எத்தனை மாதம் என்று குறுக்குங்கள். ‘இந்த வடிவப் பெட்டியை வேறு தேயிலைக் கம்பனிக்கு ஓராண்டு விற்க மாட்டோம்’ என்றால் சரி. எல்லாப் பெட்டிக்கும் எல்லாக் காலத்துக்கும் என்றால் நீங்கள் அவர்களுடைய கூலி ஆள், காப்புறுதி மட்டும் இல்லை.

மழை. ஐப்பசி கடைசி தொட்டு மார்கழி, தை வரை எங்கள் பக்கம் வெள்ளம் வரும், பாதை மூடும், ஓலை காயாது. இதைக் ‘கட்டுக்கு மீறிய காரணம்’ என்ற பகுதியில் வெள்ளம், புயல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அறிவிக்க எத்தனை நாள், தாமதத்துக்குத் தண்டம் இல்லை என்பதும் வர வேண்டும்.

கதையும் படமும். எங்கள் பெண்களின் முகத்தைக் கம்பனி தன் விளம்பரத்தில் போடலாமா? போடலாம் என்றால் எந்தப் படம், எவ்வளவு காலம், அவரவர் சம்மதம் கையொப்பத்தோடு. ஒருமுறை ஒரு விளம்பரத்தில் எங்கள் மாமி ஒருவரின் படத்துக்குக் கீழே ‘வறுமையிலிருந்து மீட்கப்பட்டவர்’ என்று இருந்தது. மாமிக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. ‘ஆரடா என்ன மீட்டது?’ என்று இரண்டு நாள் கத்தினார். அதிலிருந்து எழுத்தையும் முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கிறோம்.

10. காசு வரும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘60 நாள் கடன்’ என்றால் பொருள் அனுப்பிய நாளிலிருந்து 60 நாள் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. பொருள் களஞ்சியத்துக்குப் போய், எண்ணி, ஏற்றுக்கொண்ட சீட்டுப் போட்டு, உங்கள் பற்றுச்சீட்டு கணக்குப் பிரிவில் பதிந்த பிறகுதான் நாள் ஓடத் தொடங்கும். அதன் பிறகு மாதத்தில் இரண்டு நாள்தான் காசோலை எழுதுவார்கள். கூட்டிப் பார்த்தால் 90.

மாதம் 300 பெட்டி, ஒன்றுக்கு 400 ரூபா செலவு என்றால் மூன்று மாதத்துக்கு 360,000 ரூபா உங்கள் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். இந்தக் காசு எங்கே இருக்கிறது? இதற்குப் பதில் இல்லாமல் முதல் லொறியை அனுப்பாதீர்கள். பெண்களின் கூலியை மூன்று மாதம் நிறுத்திவைப்பது பதில் ஆகாது. ஓடர் கடிதத்தைக் காட்டி வங்கியில் குறுங்காலக் கடன் கேட்கலாம். அல்லது சின்ன விலைக்கழிவு கொடுத்து 30 நாளில் தரக் கேட்கலாம். இரண்டாவது பல நேரம் மலிவாக முடியும்.

கொள்வனவுக் கட்டளை (கம்பனி எழுத்தில் தரும் ஓடர்) இலக்கம் இல்லாமல் ஒரு பெட்டியும் போகக் கூடாது. ‘அவசரம், அனுப்புங்கள், இலக்கம் பிறகு தாறோம்’ என்று தொலைபேசியில் சொல்வார்கள். அனுப்பினோம். அந்த 80 பெட்டியின் காசு ஏழு மாதம் கழித்து வந்தது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார், அவ்வளவுதான். பற்றுச்சீட்டில் அந்த இலக்கம், உங்கள் வழங்குநர் இலக்கம், வங்கி விபரம் மூன்றும் இருக்கட்டும்.

11. முதல் மாரியைத் தாண்டுவது

எங்கள் பெரிய அடி இங்கேதான் விழுந்தது. ஒரு மார்கழி. 200 பெட்டி. வெளியில் மழை விடவில்லை. இழைத்ததை வீட்டுக்குள் விசிறிக் காற்றில் காயவைத்து, நனையாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அனுப்பினோம். கொழும்பில் பிரித்தபோது பெட்டிக்குள் சாம்பல் நிறப் பூஞ்சணம் பூத்திருந்தது. மழையை வெளியே நிறுத்திய பை, ஓலைக்குள் இருந்த ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவைத்துவிட்டது. 200-இல் 140 திரும்பி வந்தது. லொறிக் கூலி இரண்டு பக்கமும் எங்கள் கணக்கில்.

இப்போது செய்வது இதுதான். ஆடி முதல் புரட்டாதி வரை, வெயில் காயும் காலத்தில், மாரிக்குத் தேவையான இருப்பை இழைத்து முடிக்கிறோம். நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் தட்டுப் போட்டு அடுக்குகிறோம். காற்று ஓட இடைவெளி விடுகிறோம். பொதி கட்டுவதற்கு முதல் நாள் ஒவ்வொரு பெட்டியையும் மூடி திறந்து முகர்ந்து பார்க்கிறோம். ஈர மண் மணம் வந்தால் அது போகாது. பொலித்தீன் இல்லை, கடதாசி. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று. உமிக்கட்டிக்காரத் தம்பியும் இதையே கூரையும் மரப்பலகைத் தளமுமாகச் செய்கிறார்.

கூடவே, மாதம் ஒருமுறை கம்பனியில் ஒரே ஆளை நம்பியிருக்கிறோமா என்று பாருங்கள். எல்லாம் ஒருவரோடு வாட்ஸ்அப்பில் பேசியிருப்பீர்கள். அவர் வேலையை விட்டால் உங்கள் வரலாறும் அவரோடு போய்விடும். முடிவான எதையும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி, கொள்முதல், கணக்கு, களஞ்சியம் மூன்று பேருக்கும் பிரதி போடுங்கள். மின்னஞ்சலில் ஐந்து வரி போதும்: என்ன பேசினோம், எத்தனை, என்ன விலை, எப்போது, யார் சொன்னது.

எட்டாவது மாதம் அளவில் அடுத்த ஆண்டுப் பேச்சை நீங்களே தொடங்குங்கள். அனுப்பிய எண்ணிக்கை, தாமதமான நாட்கள், திரும்பி வந்தவை, மிச்சப்படுத்திய பிளாஸ்டிக் கிலோ ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். திரும்பி வந்த 140-ஐயும் நான் அந்தத் தாளில் எழுதியிருந்தேன், அதற்குப் பக்கத்தில் மாற்றிய பொதி முறையையும். கொள்முதல் அதிகாரி தாளை வாங்கி முதலில் விரலை வைத்தது அந்த வரியில்தான். கடதாசிப் பொதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். மாரி மாதங்களுக்கான ஓடரை ஆவணியிலேயே தந்துவிடலாம் என்று அவராகவே சொன்னார்.